கவர்மெண்ட் லேப்டாப் - வச்சுக்கலாமா? வித்துடலாமா?

லேப்டாப் பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று இருக்கும் லேப்டாப்பைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். இது வாங்கலாமா, அது வாங்கலாமா, இ.எம்.ஐ. எவ்வளவு என்று பக்கம் பக்கமாக. நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கம் நிறைய வீடுகளுக்கு முதல் லேப்டாப் கடையிலிருந்து வரவே இல்லை. பள்ளிக்கூட ஸ்டேஜிலிருந்து வந்தது. கலெக்டரோ எம்.எல்.ஏ.வோ கொடுக்க, பையன் கூச்சத்தோடு வாங்க, யாரோ போட்டோ எடுக்க, அப்படியே டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தது. அதனால் இங்கே "வாங்கலாமா" என்ற கேள்விக்கே வேலை இல்லை. "வச்சுக்கலாமா, வித்துடலாமா" என்பதுதான் கேள்வி. கேள்வி சின்னதுதான். ஆனால் வேப்பந்தட்டை பக்கம் ஒரு வீட்டில் 2026 பொங்கலுக்கு இது பெரிய பஞ்சாயத்தே ஆகிவிட்டது.

அதற்கு முன் கொஞ்சம் பழைய கதை. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, திருவள்ளூர் மாவட்டத்தில் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா இந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். "இலவசம்" என்ற சொல்லைத் தூக்கிவிட்டு "விலையில்லா மடிக்கணினி" என்று பெயர். (வார்த்தையை மாற்றினால் கௌரவம் மாறுமா என்று சிரித்தவர்கள் உண்டு. வாங்கியவர்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.) அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு. கொள்முதல் செய்தது எல்காட். ஹெச்.சி.எல்., ஏசர், லெனோவோ என்று வருஷத்துக்கு வருஷம் கம்பெனி மாறியது. மூடியைப் பார்த்தே "இவன் எந்த பேட்ச்" என்று சொல்லிவிடலாம். கிட்டத்தட்ட பத்து வருஷத்தில் ஐம்பது லட்சத்துக்கும் மேல் கொடுத்தார்கள். ஒரு மாநில அரசு இவ்வளவு பேர் கையில் கம்ப்யூட்டரைக் கொடுத்த கதை உலகத்திலேயே அதிகம் கிடையாது.

அந்த வீட்டில் இருப்பது 2019 சமயத்தில் வந்த லெனோவோ இ41-25. கறுப்புக் கலர், 14 இன்ச் திரை, ஏ.எம்.டி. ப்ராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 10-உம் பாஸ் லினக்ஸும் சேர்ந்து இருக்கும். வாங்கியது அண்ணன், பிளஸ் டூ படிக்கும்போது. ரெண்டு வருஷம் அதில் படம் பார்த்தான், கொஞ்சம் கேம் விளையாடினான், டிப்ளமோ முடித்தான், அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் கான்ட்ராக்டில் வேலைக்குப் போய்விட்டான். போகும்போது லேப்டாப்பை எடுத்துப்போகவில்லை. சுண்ணாம்புத் தூசியில் அது ஆறு மாசம் தாங்காது என்பது அவன் சொன்ன காரணம். கையில் நல்ல போன் வந்துவிட்டது என்பது உண்மையான காரணம். அப்படி அது பீரோ மேல் கொலுப்பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தது.

தங்கை பி.காம். சேர்ந்த பிறகு அதைக் கீழே இறக்கினாள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் ஒரு அரசுக் கல்லூரி. பொங்கலன்று அவள் ரெண்டாம் வருஷம்.

முதலில் குறைகளைச் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை கொஞ்சநஞ்சமல்ல.

பேட்டரி செத்துவிட்டது. லித்தியம் பேட்டரியைச் சும்மா வைத்திருந்தால் பத்திரமாக இருக்கும் என்று வீட்டில் நினைப்பார்கள். தங்க நகை மாதிரி! சார்ஜ் முழுக்க இறங்கிய நிலையில் மாசக்கணக்கில் கிடந்தால் அது உள்ளுக்குள் கெட்டுப்போகும். பீரோ மேல் பாதுகாத்ததுதான் அதைக் கொன்றது. ஆக, பிளக்கில் இருந்தால்தான் லேப்டாப். வயரைப் பிடுங்கினால் பலகை. மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்வாரியம் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்டை நிறுத்தும் நாளில் மடிக்கணினி மடியில் சும்மா இருக்கும்.

அப்புறம் வேகம். ஆன் பண்ணிவிட்டு அடுப்பில் டீத்தண்ணி வைத்தால், டீ முந்திக்கொள்ளும். இதற்கு ப்ராசஸரை மட்டும் திட்டக் கூடாது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கும், விண்டோஸ் 10-உம், 4 ஜிபி ரேமும் சேர்ந்தால் யார் செய்த மெஷினும் இப்படித்தான். ரேம் போதாமல் போனால் விண்டோஸ் ஹார்ட் டிஸ்கையே ரேம் மாதிரி பயன்படுத்தும். டிஸ்க் மெதுவாகச் சுற்றுகிற சாமான். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் நூறு சதவீதம் என்று சிவப்பாக நிற்கும், எலி அம்புக்குறி நகராது. இந்த மெஷினை வைத்திருக்கும் எல்லோரும் பார்த்த காட்சி இது.

மூணாவது, பெரிய குறை. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை நிறுத்திவிட்டது. விரும்பினால் இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள ஒரு வழி வைத்தார்கள், அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால் இந்த ப்ராசஸர் மைக்ரோசாஃப்டின் பட்டியலிலேயே கிடையாது. மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்கு "காலாவதி" என்று முத்திரை குத்திவிட்டார்கள்.

இந்த இடத்தில்தான் பாஸ் லினக்ஸ் ஞாபகம் வரவேண்டும். யாருக்கும் வருவதில்லை. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது, 2007-லேயே வெளிவந்தது. தமிழ் உட்பட இந்திய மொழிகள் உள்ளேயே இருக்கும். லட்சக்கணக்கான லேப்டாப்பில் அதைப் போட்டுக் கொடுத்தார்கள், ஆனால் வாங்கிய கையோடு அதை அழித்துவிட்டு விண்டோஸ் மட்டும் வைத்துக்கொண்டவர்கள்தான் ஊர் முழுக்க. ஏன் அழித்தாய் என்று கேட்டால், "ஆன் பண்றப்ப ரெண்டு பேர் காட்டுது, குழப்பமா இருக்கு" என்பார்கள். இதில் பசங்களைக் குறை சொல்லி என்ன? மெஷினைக் கொடுத்தவர்கள் அதை எப்படி ஓட்டுவது என்று ஒரு நாள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.

இது நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை. 2005-இல் நிக்கோலஸ் நெக்ரோபான்டி "குழந்தைக்கு ஒரு லேப்டாப், நூறு டாலர் விலையில்" என்று உலகத்துக்கே அறிவித்தார். இந்தியா 2006-லேயே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டது. பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கியது. 2012-இல் அமெரிக்கக் கண்டங்களுக்கான வளர்ச்சி வங்கி அங்கே ஆராய்ந்து பார்த்தபோது, குழந்தைகள் கையில் கம்ப்யூட்டர் வந்திருந்தது, ஆனால் கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் ஏறவில்லை என்று தெரிந்தது. லேப்டாப் கொடுத்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அது பெரிய அடி. ஆனால் அந்த ஆராய்ச்சி பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைத்தான் அளந்தது. பிளஸ் டூ முடித்து ஏழு வருஷம் கழித்து அந்த மெஷின் யார் கையில் போய் என்ன செய்கிறது என்று யாராவது அளந்தார்களா?

சரி, வேப்பந்தட்டைக்கே திரும்பி வருவோம்.

அந்தப் பெண் முதலில் செய்தது ஹார்ட் டிஸ்கை மாற்றியது. கூடப் படிக்கும் பிள்ளைகளுக்கு அசைன்மெண்ட் டைப் பண்ணிக் கொடுத்து, பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்று சேர்த்த காசு. 1,700 ரூபாய்க்கு ஒரு எஸ்.எஸ்.டி. பெரம்பலூரில் ஒரு கடையில் மாட்டினார்கள். டீக்கு முன்னால் லேப்டாப் முந்த ஆரம்பித்தது. பிறகு அதில் விண்டோஸையும் பாஸையும் தனித்தனியாகப் போட்டாள். இணையம், டைப்பிங், வீடியோ பாடம் எல்லாம் பாஸில். டேலிக்கு மட்டும் விண்டோஸ், அதுவும் வைஃபை அணைத்து வைத்து. இதைவிட நல்ல ஏற்பாட்டை ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கியவன்கூடச் செய்திருக்க மாட்டான்.

டேலி பற்றி காமர்ஸ் படிக்காதவர்களுக்கு ஒரு வரி. லைசன்ஸ் வாங்காமல் எஜுகேஷனல் மோடில் ஓட்டினால் எல்லாம் வேலை செய்யும், ஆனால் வவுச்சர் போடும் தேதி மட்டும் 1, 2, 31 என்றுதான் ஏற்றுக்கொள்ளும். மற்ற நாட்களில் உலகத்தில் வியாபாரமே நடக்காது. அவள் வீட்டு வெங்காயக் கணக்கை அதில்தான் போட்டுப் பழகினாள். பெரம்பலூர் மாவட்டம் சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. பட்டறை போட்டு மாசக்கணக்கில் வைத்திருந்து விலை பார்த்து விற்பார்கள். அந்த வீட்டு வெங்காயம் மட்டும் டேலியில் மாசம் முழுக்க விற்காமல் இருந்துவிட்டு 1, 2, 31 தேதிகளில் விற்றது :-)

அப்பாவுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. அப்புறம் ஒரு நாள் விதை, உரம், மருந்து, கூலி, மோட்டார் ரிப்பேர், வண்டி வாடகை, மண்டி கமிஷன் எல்லாவற்றையும் போட்டு அவள் காட்டியபோது வேடிக்கை போய்விட்டது. அந்த வருஷம் நஷ்டம் என்பது அவருக்குத் தெரியும். எவ்வளவு என்பது அதுவரை தெரியாது. "இதை மூடி வையி" என்று எழுந்துபோனார். இதைக் குறையில் சேர்ப்பதா நிறையில் சேர்ப்பதா என்று தெரியவில்லை. கணக்குப் போடாத வீட்டில் நஷ்டம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வலிக்கும்.

தெருக்காரர்களுக்கு அந்த லேப்டாப் வேறு வகையில் அறிமுகம். பட்டா, சிட்டா இணையத்தில் பார்க்க, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் போட, டி.என்.பி.எஸ்.சி. ஹால் டிக்கெட் எடுக்க. போனில் இதெல்லாம் முடியாதா என்றால் முடியும். ஆனால் ஆறு இன்ச் திரையில் முப்பது கட்டம் உள்ள படிவத்தை நிரப்பி, போட்டோவை ஐம்பது கேபிக்குக் குறைத்து ஏற்றியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். அவள் காசு வாங்குவதில்லை. ஆள் பார்த்து ஒரு படி கடலை, அரைக்கூடை கத்தரிக்காய் என்று வரும். "டீச்சரம்மா வீடு" என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறார்கள், இன்னும் டிகிரியே வாங்காத பெண்ணை.

இன்னொன்று சொல்ல வேண்டும். அந்த வீட்டில் போன் எல்லோருக்கும் பொது. அம்மாவின் போனில்தான் அவளுக்கு வாட்ஸ்அப்பும் வரும். அதை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்ப்பார்கள், சித்தப்பா உட்பட. லேப்டாப் மட்டும்தான் அவள் பாஸ்வேர்டு போட்ட பொருள். பீரோவுக்குக்கூட அந்த வீட்டில் பூட்டு கிடையாது. ஒரு பெண்பிள்ளை கதவைச் சாத்திக்கொள்ள இடமில்லாத வீட்டில் பதினாலு இன்ச் என்பது எவ்வளவு பெரிய அறை என்று பையன்களுக்குச் சட்டென்று புரியாது.

இப்படி இருக்கும்போதுதான் பொங்கலுக்கு அண்ணன் வந்தான்.

அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான், இருந்தாலும் சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் வரும் பஸ்ஸுக்கு அது தூரம்தான். (பெரம்பலூரில் ரயில்வே ஸ்டேஷன் இல்லை என்பதை வெளியூர்க்காரர்கள் இன்னும் நம்ப மறுக்கிறார்கள்.) வந்தவன் சாப்பிட்டுவிட்டு மெதுவாகச் சொன்னான். கூட வேலை பார்க்கும் ஒருத்தர் தன் பையனுக்காகப் பழைய லேப்டாப் தேடுகிறார். எஸ்.எஸ்.டி. போட்டது என்றால் 4,000 தருகிறேன் என்கிறார். அப்பாவுக்கு மோட்டார் காயில் கட்ட அவசரமாகக் காசு வேண்டும். பாப்பாவுக்குத்தான் புதுசு வரப்போகிறதே!

அந்தப் "புதுசு" என்னவென்று விளக்கிவிடலாம். பழைய திட்டம் கொரோனா காலத்தோடு நின்றுபோனது. 2025 மார்ச் பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ரெண்டு வருஷத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று அறிவித்தார்கள். 2026 ஜனவரியில், பொங்கலுக்குச் சில நாள் முன்னால், முதல்வர் ஸ்டாலின் வழங்கத் தொடங்கினார். ஏசர், டெல், ஹெச்.பி. என்று மூணு கம்பெனி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11, கூடவே மறுபடியும் பாஸ். இ41-க்குப் பக்கத்தில் வைத்தால் மாட்டு வண்டிக்குப் பக்கத்தில் கார். கல்லூரியில் கடைசி வருஷத்து அக்காக்கள் கைக்குத்தான் முதலில் போகும் என்று பேச்சு. அடுத்த வருஷம் அவளும் கடைசி வருஷம்.

கொடுத்துவிட்டு எடுப்பதும், எடுத்துவிட்டுக் கொடுப்பதும் இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. அரியலூரை 2001 ஜனவரியில் தனி மாவட்டம் ஆக்கினார்கள். 2002-இல் செலவு அதிகம் என்று பெரம்பலூரோடு திரும்பச் சேர்த்தார்கள். 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டம். போர்டு எழுதும் பெயிண்டர்களுக்கு மட்டும் அந்த ஆறு வருஷம் நல்ல வருஷம்.

"வரப்போறதை நம்பி இருக்கறதை விக்க முடியாதுண்ணே" என்றாள். அவள் படிக்கும் அக்கவுண்டன்சியில் இதற்கு ஒரு பேரே இருக்கிறது. முன்னெச்சரிக்கைக் கொள்கை. வரப்போகும் லாபத்தை வந்த பிறகுதான் எழுத வேண்டும், வரக்கூடிய நஷ்டத்தை இப்போதே எழுதிவிட வேண்டும். 2017-18-இல் பிளஸ் டூ முடித்த பேட்ச் உதாரணத்துக்கு இருக்கிறது. அவர்களுக்குக் கொடுக்காமலே 2019-இல் அப்போது படித்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்ததும், பல ஊர்களில் பழைய மாணவர்கள் பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து போராட்டம் நடத்தினார்கள். மேல்படிப்பு படிக்கிறாய் என்பதற்கு சர்டிபிகேட் கொண்டுவா என்று அவர்களை அலையவிட்டார்கள். அந்த பேட்ச்சில் ஒருத்தன் பக்கத்துத் தெருவிலேயே இருக்கிறான். வராக்கடன் எப்படி இருக்கும் என்பதற்கு அவனைப் பார்த்தால் போதும்.

அண்ணன் விடவில்லை. "ஏழு வருஷ மெஷின் பாப்பா. இப்ப நாலாயிரம். அடுத்த வருஷம் காயலான் கடைக்காரன் இருநூறு குடுப்பான்."

இதில் உண்மை இருக்கிறது. வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்குத் தேய்மானம் வருஷத்துக்கு 40 சதவீதம், குறைந்து செல்லும் மதிப்பு முறையில். ஒரு பேச்சுக்கு 15,000 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள். முதல் வருஷம் முடிவில் 9,000, அப்புறம் 5,400, 3,240, 1,944, 1,166, ஆறாவது வருஷ முடிவில் 700 ரூபாய்கூட இல்லை. கம்பெனிச் சட்டப்படி லேப்டாப்பின் ஆயுளே மூணு வருஷம்தான். அந்தக் கணக்கில் இந்த இ41 2022-லேயே காலமாகிவிட்டது. ஆவிக்கு ஒருத்தர் 4,000 தருகிறேன் என்கிறார், விடலாமா?

ஆனால் இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் கதை மாறும். அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 12 என்று ஒன்று இருக்கிறது, அரசு மானியங்களுக்கானது. அரசு இலவசமாகக் கொடுத்த சொத்தைப் பெயரளவு மதிப்பில்தான் எழுத வேண்டும் என்கிறது. அதாவது ஒரு ரூபாய் என்று போடலாம். ஒரு ரூபாய்ச் சொத்தில் தேய்மானம் என்ன பெரிய தேய்மானம்? புத்தக மதிப்பை வைத்து இந்த மெஷினைப் பற்றி எதையும் முடிவு செய்ய முடியாது என்பதுதான் இதன் அர்த்தம். விற்காமல் விட்டால் கையைவிட்டுப் போவது 4,000. விற்றால் போவது என்னவென்று பார்க்க வேண்டும். அதே வேலையைச் செய்ய இன்னொரு மெஷின் என்ன விலை? நல்ல செகண்ட் ஹேண்ட் லேப்டாப் 4,000-க்குக் கிடைக்காது. பெரம்பலூரில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் டேலி பழகினால் ஃபீஸ் ஒரு பக்கம், பஸ் ஒரு பக்கம், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பெண்பிள்ளை எங்கே என்று ஊர் கேட்கும் கேள்வி ஒரு பக்கம். மூணாவதை எந்த லெட்ஜரில் எழுதுவது?

அவள் செய்த ஒரு தப்பையும் சொல்ல வேண்டும். கோபத்தில், "நான் 1,700 போட்டிருக்கேன், இது என்னாகும்?" என்று கேட்டாள். விற்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு அந்த 1,700 ஒரு பதிலே கிடையாது. போன காசு போனதுதான், விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்பாது. ரெண்டாம் வருஷ காமர்ஸ் மாணவி பரீட்சையில் இதைத் தப்பாக எழுதினால் மார்க் போய்விடும். வீட்டுச் சண்டையில் யார் மார்க் பார்க்கிறார்கள்?

ஆனால் அதே 1,700 வேறொரு கேள்விக்குப் பதிலாக வந்து நின்றது. அண்ணன் அப்போதுதான் அந்த வார்த்தையைச் சொன்னான். "அது என் பேர்ல வந்ததுடி."

உண்மைதான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவன் கையெழுத்து. போட்டோவில் அவன் கை. தலைமுறைக்கு முதல் கம்ப்யூட்டர், அதுவும் அவன் பேரில். அவன் டிப்ளமோ முடித்து முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சிமெண்ட் தூசியில் நிற்கிறான், அவன் பேரில் வந்ததில் தங்கை பி.காம். படிக்கிறாள். அவன் அதை விற்க நினைத்ததும் தனக்காக இல்லை, அப்பாவின் மோட்டாருக்காக. இதை எழுதாமல் விட்டால் அவனை வில்லன் ஆக்கிவிடுவது சுலபம். அரசாங்கம் ஒரு மாணவனுக்கு ஒரு லேப்டாப் என்று கொடுத்தது. ஆனால் நம்ம ஊரில் ஒரு பொருள் ஒருத்தருக்கு என்று வருவதே கிடையாது, வீட்டுக்கு என்றுதான் வரும். சைக்கிளும் அப்படித்தான், கிரைண்டரும் அப்படித்தான். வீட்டுக்கு வந்த பொருளை யார் விற்பது?

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அம்மாதான் கேட்டாள், பேச்சை மாற்றவோ என்னவோ, "அந்த டிஸ்கு இல்லாம வித்தா எவ்வளவு தருவாங்களாம்?"

எஸ்.எஸ்.டி. இல்லாமல், பேட்டரி செத்த நிலையில், கடைக்காரர் முன்பே ஒருமுறை பார்த்துச் சொன்ன விலை 2,000. அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப பாதி உன்னுது, பாதி என்னுது. பார்ட்னர்ஷிப் போட்டுக்குவமா?" என்றான். அவள் விடுவாளா? பத்திரம் எழுதாத கூட்டாண்மையில் லாபம் நஷ்டம் சம பங்கு, 1932 சட்டம், பிரிவு 13 என்றாள். "லாபம் எங்க இருக்கு?" என்றார் அப்பா திண்ணையிலிருந்து. அந்த வருஷக் கணக்கு அவருக்குத்தான் நன்றாகத் தெரியுமே.

காயில் கட்டும் செலவுக்கு அண்ணன் சிமெண்ட் ஆலைக் கூலியில் முன்பணம் கேட்டிருக்கிறான். கிடைக்கும் என்று போன் வந்தது. லேப்டாப் விற்காமல் போனதற்கு உண்மையான காரணம் அந்த போன்தான், மேலே சொன்ன எந்தக் கணக்கும் இல்லை. முன்பணம் கிடைத்திராவிட்டால் அது இந்நேரம் அரியலூரில் இன்னொரு பையன் மடியில் இருந்திருக்கும், அதைத் தப்பு என்றும் சொல்லியிருக்க முடியாது.

மாட்டுப் பொங்கல் முடிந்த ராத்திரி அண்ணன் அதைத் திறந்து பாஸ்வேர்டு கேட்டான். அவள் சொல்லவில்லை, தானே போட்டுக் கொடுத்தாள். பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா என்று தேடினான். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்ததை எல்லாம் அவள் ஒரு போல்டரில் எடுத்து வைத்திருந்தாள். பிளஸ் டூ கடைசி நாள், சட்டையில் மை தெளித்து விளையாடியது, கூட இருந்த நாலு பேர். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வயர் கால் தட்டிப் பிளக் கழன்றது. ஸ்கிரீன் அணைந்தது.

"பேட்டரி எவ்வளவு பாப்பா ஆவும்?" என்று கேட்டான்.

"ஆயிரத்தைந்நூறு. ஒரிஜினல்னா அதுக்கும் மேல."

"ம்ம்" என்றான். காலை ஐந்தரை பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று படுத்துவிட்டான்.